விசைப்படகில் பாட்டு செட்: உப்புக் காற்றைத் தாங்கும்படி தேர்ந்தெடுத்துப் பொருத்த முழுமையான வழிகாட்டி

கார் ஆடியோ கடையில் வாங்கி வீல்ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) மாட்டிய பாட்டு செட் முதல் சில வாரங்கள் அருமையாகப் பாடும். பிறகு ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டு வரும். என்ஜின் வேகம் கூடும்போது கூடவே ஒரு ஊளைச் சத்தம் ஏறும். ஒரு நாள் பட்டனை அழுத்தினால் எதுவுமே எரியாது. தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்லி, புது செட் வாங்கி அதே பழைய வயரில் மாட்டுவார்கள். அதுவும் அதே வழியில் போகும்.

வீல்ஹவுஸுக்குள் இருக்கும் செட்டின் மீது அலை நேராக அடிப்பது அபூர்வம். செட்டைக் கொல்வது காற்றோடு வரும் உப்பு. உப்பு படிந்த இடம் தானாகக் காய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே நசநசக்கும். அதாவது ஒருமுறை உப்பு ஏறிய சர்க்யூட் போர்டும் வயர் முனையும் கடலில் இருக்கும் நேரமெல்லாம் ஈரமாகத்தான் இருக்கின்றன. அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து, தாமிரத்தைப் பச்சையாக்கி, கடைசியில் கருக்கிவிடும்.

அதனால் பணத்தைப் பிரிக்கும் வரிசை இதுதான்: முதலில் வயரும் இணைப்புகளும், அடுத்து ஸ்பீக்கர், கடைசியில் செட். கடையில் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள். கீழே உள்ளவை 12 அல்லது 24 வோல்ட் பேட்டரியில் ஓடும் டீசல் விசைப்படகை மனதில் வைத்து எழுதியவை. சுற்றுலாப் படகுக்கும் ஃபைபர் படகுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எங்கே, யார் கேட்க வேண்டும்?

வீல்ஹவுஸுக்குள் இரவு முழுக்க விழித்துப் படகை ஓட்டும் ஸ்ராங்குக்கு வேண்டிய ஒலி வேறு. வலை வாங்கும்போது பின்தளத்தில் நிற்பவர்களுக்கு வேண்டிய ஒலி வேறு. முன்னதற்கு 6.5 அங்குல ஸ்பீக்கர் இரண்டு போதும், தனி ஆம்ப்ளிஃபையர் தேவையே இல்லை. பின்னதற்கு சாதாரண ஸ்பீக்கரை எத்தனை அடுக்கினாலும் என்ஜின் சத்தத்தைத் தாண்டி வராது. அங்கே ஹாரன் ஸ்பீக்கர் ஒன்று வேண்டும்.

கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ம் ஆண்டு சர்வதேச விதிகளில் 5-வது விதி, படகில் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. காதாலும் என்பது வெறும் சேர்க்கை இல்லை. மூடுபனியில் எதிரே வரும் கப்பலின் ஹாரனும், வி.எச்.எஃப். வயர்லெஸில் வரும் அழைப்பும் பாட்டுக்கு மேல் கேட்டாக வேண்டும். அதனால் ஸ்ராங்கின் தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர் வைக்காதீர்கள். வி.எச்.எஃப். ஸ்பீக்கர் ஒரு காதருகே என்றால் பாட்டு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். செட்டின் ஒலியைக் கையெட்டும் தூரத்தில் ஒரே பட்டனில் நிறுத்த முடிய வேண்டும்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள்

பெரிய விசைப்படகுகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோர்த்து 24 வோல்ட் எடுத்திருப்பார்கள். பாட்டு செட்டுக்கு 12 வோல்ட் வேண்டும். உடனே நடுவிலிருந்து, அதாவது கீழ் பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு வயர் இழுத்து செட்டுக்குக் கொடுப்பது பரவலான பழக்கம். இது இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துக் கெடுக்கும். கீழ் பேட்டரி மட்டும் கூடுதலாகக் காலியாகும். டைனமோவுக்கு இரண்டும் ஒன்றுதான். அது மொத்தமாக 28 வோல்ட் சுற்றி ஏற்றும். காலியான பேட்டரி 13 வோல்ட்டில் இழுத்துக்கொண்டிருக்க, நிறைந்த பேட்டரி மீது 15 வோல்ட் ஏறும். ஒன்று எப்போதும் பாதி வயிற்றோடு சல்பேட் படிந்து சாகும், மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றிச் சாகும். ஸ்டார்ட் எடுக்காத என்ஜினோடு கடலில் நிற்கும்போதுதான் இது தெரியவரும்.

24 வோல்ட் படகுக்கு 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். செட் மட்டும் என்றால் 15 ஆம்பியர், சிறிய ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தால் 30 ஆம்பியர். ரெசின் ஊற்றி முழுக்க மூடிய அலுமினியப் பெட்டி வகையாக இருக்கட்டும். காற்றுத் துளையும் ஃபேனும் உள்ள வகை உப்புக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

12 வோல்ட் படகில் என்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே செட்டை மாட்டாமல், தனி பேட்டரி ஒன்று வைப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவே வோல்ட்டேஜ் பார்த்துச் சேர்க்கும் ரிலே போடலாம். என்ஜின் ஓடி 13.3 வோல்ட் அளவுக்கு ஏறியதும் இரண்டையும் இணைத்து, 12.8-க்கு இறங்கியதும் பிரித்துவிடும். 100 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். செட் சராசரியாக 3 ஆம்பியர் இழுத்தால், என்ஜின் நிறுத்திய நிலையில் ஏறக்குறைய 16 மணி நேரம் ஓடும்.

கருவி வாங்கும்போது

பெட்டியில் 'மெரைன்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஐ.பி. எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 65 என்றால் தூசு புகாது, குழாயில் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 66 இன்னும் வலுவான பீய்ச்சலைத் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே புகாது. இந்த எண்ணில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இரண்டு, பல செட்களில் அந்த எண் முன்முகத்துக்கு மட்டும்தான். பின்பக்கம் வயர் சாக்கெட்டுகள் திறந்தே கிடக்கும்.

உப்புக்குத் தனிச் சோதனை உண்டு. ஏ.எஸ்.டி.எம். பி117 என்று குறிப்பார்கள். 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைப் புகையாகத் தெளித்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்ப்பது. வெயிலுக்குப் புற ஊதாச் சோதனை தனி. இவை இரண்டும் எழுதியிருக்கும் ஸ்பீக்கரை நம்பி வெளியே வைக்கலாம்.

ஸ்பீக்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூம்பு காகிதத்தில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரத்தில் தளர்ந்து உருவம் மாறும். பாலிபுரொப்பிலீன் கூம்பு வேண்டும். சுற்றியிருக்கும் வளையம் ஸ்பாஞ்ச் ஆக இருந்தால் வெயிலில் பொடியாக உதிரும், ரப்பர் வளையமே சரி. பின்னால் காந்தத்தை முழுக்க மூடிய பிளாஸ்டிக் அல்லது ரப்பர் உறை இருக்க வேண்டும். மூடாத காந்தத் தட்டு துருப்பிடித்து வீங்கினால், அதன் செதில்கள் கூம்பை அசைக்கும் குரல் சுருளின் இடைவெளிக்குள் விழுந்து கரகரவென்று உரசும். ஒரு சின்னக் காந்தத்தைத் திருகுகளின் மீது வையுங்கள். பலமாக ஒட்டினால் அவை கடலுக்கான ஸ்டெயின்லெஸ் இல்லை. கூட வரும் திருகுகளை வீசிவிட்டு 316 தரத் திருகுகளைத் தனியாக வாங்குவது பெரிய செலவு கிடையாது. 304-ஐ விட 316-ல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பில் குழி விழுவது குறையும்.

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள். பெட்டியின் மேல் 4x50 வாட் என்றிருக்கும் செட் தொடர்ந்து கொடுப்பது ஒரு சேனலுக்கு 17 முதல் 22 வாட்தான். ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருப்பதே உண்மையான எண். ஸ்பீக்கரில் வாட்டை விட சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டில் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது முக்கியம். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், அதே செட்டில் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும், பேட்டரியும் மிச்சம்.

செட்டில் சி.டி. வேண்டாம். லென்ஸ் உப்பில் மங்கும், அதிர்வில் தாவும். புளூடூத்தும் ரேடியோவும் போதும். யு.எஸ்.பி. துளை இருந்தால் அதற்கு ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், உப்பு உள்ளே போகும் முதல் வாசல் அதுதான். திரையே இல்லாத பெட்டி வகை ஒன்று வருகிறது. பெட்டியை உலர்ந்த இடத்தில் ஒளித்துவிட்டு, தண்ணீர் புகாத சிறிய ரிமோட்டை மட்டும் வெளியே வைப்பது. ஜன்னல் மூடாத வீல்ஹவுஸுக்கு இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

பின்தளத்துக்கான ஹாரன் 8 ஓம், 15 முதல் 30 வாட், ஐ.பி. 66. கோயில் திருவிழாவில் கட்டும் மடிப்பு ஹாரன் வகைதான். ஆனால் உடல் அலுமினியமா ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள், பிளாஸ்டிக் உடலே கடலுக்கு நல்லது. ஹாரனைப் பாட்டு செட்டில் நேராக மாட்டினால் தாளத்தின் கனத்த ஒலி அதன் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடும். பாசிட்டிவ் வயரில் 47 மைக்ரோஃபேரட், 100 வோல்ட், துருவமில்லாத கப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். 8 ஓம் ஹாரனுக்கு அது சுமார் 420 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாக வெட்டிவிடும். பேச்சும் பாட்டின் குரலும் தெளிவாக வரும்.

வயர்: கஞ்சத்தனம் கூடாத இடம்

வீட்டு வயரிலும் கார் வயரிலும் இருப்பது வெறும் தாமிரம். உப்பு ஈரம் முனையில் புகுந்தால் இழைகளுக்கு நடுவே உறைக்குள்ளேயே வெகுதூரம் ஏறிவிடும். வெளியே பார்த்தால் வயர் புதுசு போல இருக்கும். உரித்தால் கன்னங்கரேல். எத்தனை அடி வெட்டினாலும் கருப்புதான் வரும். வெள்ளீயம் பூசிய தாமிர இழை வயர், கடையில் டின்டு காப்பர் மெரைன் வயர் என்று கேளுங்கள். ஒற்றைக் கம்பி வயர் எந்த இடத்திலும் கூடாது. என்ஜின் அதிர்வில் முறியும்.

எவ்வளவு தடிமன் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. போய் வரும் மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து, ஆம்பியரால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்குங்கள். வருவதை, நீங்கள் பொறுக்கும் வோல்ட் இழப்பால் வகுத்தால் சதுர மில்லிமீட்டர் கிடைக்கும். பேட்டரியிலிருந்து செட் 4 மீட்டர் தூரம், 10 ஆம்பியர் என்று வைப்போம். 8 x 10 x 0.0175 = 1.4. 12 வோல்ட்டில் 3 சதவீத இழப்பு 0.36 வோல்ட். வகுத்தால் 3.9, ஆக 4 சதுர மி.மீ. வயர். 200 வாட் ஆம்ப்ளிஃபையருக்கு உச்சத்தில் சுமார் 20 ஆம்பியர் போகும். 5 மீட்டர் தூரத்துக்கு இதே கணக்கில் 10 சதுர மி.மீ. வரும். ஸ்பீக்கர் வயர் 6 மீட்டர் வரை 1.5, அதற்கு மேல் 2.5 சதுர மி.மீ.

வேலை தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை:

- மேற்கண்ட வயர்கள், கணக்கை விட ஒரு மீட்டர் கூடுதலாக
- டின் பூசிய லக்குகள் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காதுகள்), சூடு காட்டினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்
- ராட்செட் வகை கிரிம்பிங் பிளேயர்
- தண்ணீர் புகாத ஃபியூஸ் ஹோல்டர் இரண்டு, 15 ஆம்பியர் ஃபியூஸ் ஐந்தாறு
- 316 திருகுகள், நைலான் பூட்டு நட்டுகள்
- நடுநிலை சிலிக்கான் அல்லது பியூட்டைல் டேப்
- எபாக்சி ரெசின் சிறிய செட், மாஸ்கிங் டேப், ஹோல் சா (வட்டத் துளை வெட்டும் ரம்பம்)
- மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று

சிலிக்கான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குழாயைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அது அசிட்டிக் வகை. காயும்போது வெளிவரும் அமிலம் தாமிரத்தையும் இணைப்புகளையும் அரிக்கும். கண்ணாடி ஒட்டுவதற்கு அது சரி, மின் கருவி அருகே கூடவே கூடாது.

இடம் பார்ப்பது

காம்பஸிலிருந்து தொடங்குங்கள். ஸ்பீக்கரின் பின்னால் இருப்பது பலமான காந்தம். ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று காம்பஸை மறந்தால், ஜி.பி.எஸ். அணையும் இரவில் படகு தவறான திசையில் போகும். குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். திருகுமுன் சோதியுங்கள்: படகு கரையில் கட்டியிருக்கும்போது காம்பஸ் காட்டும் டிகிரியைக் குறித்துக்கொண்டு, ஸ்பீக்கரை நினைத்த இடத்தில் கையால் பிடியுங்கள். முள் துளி நகர்ந்தாலும் அந்த இடம் வேண்டாம். செட் ஓடும்போது இதையே இன்னொரு முறை பாருங்கள். மின்சாரம் போகும் வயரும் முள்ளை இழுக்கும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் முறுக்கிச் சேர்த்தே ஓட்டினால் அந்த இழுப்பு பெரும்பாலும் அடங்கும்.

செட் ஜன்னலுக்கு நேர் கீழே வேண்டாம். கூரைத் தகட்டோடு ஒட்டியும் வேண்டாம். மே மாத வெயிலில் அங்கே சூடு செட்டின் தாங்கும் எல்லையைத் தொடும். ஆம்ப்ளிஃபையரைப் பேட்டரிக்கு மேலே வைக்கவே கூடாது. சார்ஜ் ஏறும்போது வரும் அமில ஆவி போர்டை அரிக்கும், ஹைட்ரஜன் வாயுவில் ஒரு பொறி போதும். பெட்ரோல் என்ஜின் படகாக இருந்தால் என்ஜின் அறையிலும் எரிபொருள் அறையிலும் எந்த ஆடியோ பொருளும் வேண்டாம்.

வி.எச்.எஃப். செட்டும் அதன் ஆன்டெனா கேபிளும் போகும் பாதையை விட்டு விலகியே ஆடியோ வயர் போகட்டும். குறுக்கே போயே தீர வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும், கூடவே இணையாக ஓடக் கூடாது.

துளை வெட்டிப் பொருத்துவது

6.5 அங்குல ஸ்பீக்கருக்கு வெட்டும் வட்டம் பொதுவாக 127 முதல் 130 மி.மீ., ஆழம் 60 முதல் 75 மி.மீ. ஸ்பீக்கரோடு வரும் அச்சிட்ட அட்டையைத்தான் நம்ப வேண்டும். முதலில் நடுவில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டு, வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள். பின்னால் சுக்கான் கம்பியோ, வயர் கட்டோ, கட்டையோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். 3 மி.மீ. துளையை அடைப்பது எளிது, 130 மி.மீ. துளையை அடைப்பது அப்படியில்லை.

ஃபைபரில் வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, ஹோல் சாவை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றி மேல் பூச்சைக் கடந்தபின் நேராகச் சுற்றுங்கள். அப்போது அந்தப் பூச்சு (ஜெல்கோட்) சிதறாது. மூக்குக்கு முகக்கவசம், கைக்கு முழுக்கை. ஃபைபர் தூசு நுரையீரலுக்குள் போகக் கூடாது. ஃபைபருக்கு நடுவே பிளைவுட் தெரிந்தால், வெட்டிய விளிம்பு முழுக்க எபாக்சி இரண்டு கை பூசி, காயவிட்டுத்தான் ஸ்பீக்கரை வைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் நீர் பிளைவுட்டுக்குள் ஊறி, இரண்டு மூன்று ஆண்டில் அந்தப் பலகையே உள்ளுக்குள் மக்கிவிடும். திருகுத் துளைக்கும் இதே விதி.

இரும்பு வீல்ஹவுஸ் என்றால் வெட்டிய விளிம்பில் எபாக்சி பிரைமர் இரண்டு பூச்சு. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு போட்டால் இரண்டு உலோகமும் உப்பு நீரில் சேர்ந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் போகும். நடுவில் நைலான் வாஷரும், திருகு மரையில் துருத்தடுப்புக் கிரீஸும் வையுங்கள்.

ஸ்பீக்கர் வளையத்தின் அடியில் பியூட்டைல் டேப் சுற்றி ஒட்டி, எதிரெதிர்த் திருகுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கையால்தான் இறுக்க வேண்டும். டிரில்லில் இறுக்கினால் சட்டம் வளையும், குரல் சுருள் உரசும். ஹாரனின் வாய் 10 டிகிரியாவது கீழ்நோக்கி இருக்கட்டும், உள்ளே போன நீர் தானாக வடியும்.

வயரிங்: வரிசையாக

1. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஓரமாக வையுங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் அதை மாட்ட வேண்டும்.

2. பாசிட்டிவ் வயரில், பேட்டரி முனையிலிருந்து 18 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ். செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸ் செட்டைக் காக்கும். நடுவில் வயர் நசுங்கினால் படகைக் காப்பது பேட்டரி பக்கத்து ஃபியூஸ் மட்டுமே. 4 சதுர மி.மீ. வயருக்குச் செட்டின் தேவைப்படி 15 ஆம்பியர் போதும். ஃபியூஸ் போகிறது என்று பெரியதாக மாற்றாதீர்கள், ஏன் போகிறது என்று தேடுங்கள்.

3. ஃபியூஸை அடுத்து ஒரு மெயின் சுவிட்ச். செட்டின் மஞ்சள் வயர் நிரந்தர மின்சாரம், சிவப்பு வயர் சாவி வழி வருவது, கருப்பு நெகட்டிவ். படகில் மஞ்சளும் சிவப்பும் இரண்டுமே இந்த மெயின் சுவிட்சின் பின்னால் வருவது நல்லது. ஸ்டேஷன் நினைவு அழியும் என்பார்கள். கட்டிப்போட்ட படகில் பேட்டரி செத்துக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

4. வயரை பில்ஜ் (படகின் அடியில் நீர் தேங்கும் இடம்) நீர் மட்டத்துக்கு மேலேயே ஓட்டுங்கள். 45 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம்.

5. ஒவ்வொரு இணைப்பும் கிரிம்ப், அதாவது லக்கை வயர் மீது நசுக்கி இறுக்குவது. கிரிம்ப் செய்ததும் பலமாக இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் இப்போதே வரட்டும். மேலே ஹீட் ஷ்ரிங்க் மாட்டி, இரு முனையிலும் பசை ஒரு துளி பிதுங்கும் வரை சூடு காட்டுங்கள். சால்டரிங் மட்டும் செய்து விடாதீர்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பி போல விறைப்பாக்கும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வு வயரை முறிக்கும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

6. செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் வயர் நுழையுமுன் ஒரு கையளவு கீழே தொங்கி மேலேறி நுழையட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

7. ஸ்பீக்கர் வயர்கள் ஜோடி ஜோடியாக: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கருப்புக் கோடு போட்டது அந்தந்த ஜோடியின் நெகட்டிவ். இந்த நெகட்டிவ் எதையும் படகின் நெகட்டிவோடு சேர்க்காதீர்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவாக ஒரே திரும்பும் வயர் இழுப்பதும் கூடாது. இன்றைய செட்களில் இரு முனையிலும் மின்சாரம் இருக்கும், நெகட்டிவில் தொட்டால் உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐ.சி. சில்லு போய்விடும்.

8. ஒரு சேனலில் ஒரு 4 ஓம் ஸ்பீக்கர்தான். இரண்டை இணையாக மாட்டினால் 2 ஓம் ஆகும். ஆரம்பத்தில் சத்தம் கூடும், ஆனால் ஐ.சி. சூடேறி அணையும், பிறகு எரியும்.

எர்த் என்ற பெயரில் நடக்கும் தவறு

கார் மெக்கானிக் பழக்கத்தில் கருப்பு வயரைப் பக்கத்து இரும்பில் திருகிவிடுவார்கள். காரில் உடலே நெகட்டிவ் என்பதால் அது சரி. இரும்புப் படகில் அப்படிச் செய்தால் செட்டின் மின்சாரம் உடல் தகடு வழியே பேட்டரிக்குத் திரும்பும். கடல்நீரில் நிற்கும் உலோகத்தில் அப்படிக் கசியும் நேர்மின்சாரம், வெளியேறும் இடத்தில் தகட்டையும் புரொப்பல்லரையும் ஷாஃப்டையும் அரித்துத் தின்னும். சாதாரணத் துருவைவிடப் பல மடங்கு வேகம். உடலைக் காக்கத் தாம் கரையும் துத்தநாகக் கட்டிகள் சீக்கிரம் கரைகின்றன என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனி நெகட்டிவ் வயர் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே பொது நெகட்டிவ் பட்டையில் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே தடித்த வயரில் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். என்ஜின் பிளாக்கில் திருகுவதும் வேண்டாம். என்ஜின் வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம் பெரும்பாலும் இந்த வேலையிலேயே அடங்கிவிடும். அது செட்டும் ஆம்ப்ளிஃபையரும் இரு வேறு இடங்களில் நெகட்டிவ் எடுப்பதால் வருவது.

ரேடியோ ஆன்டெனா

கார் ஆன்டெனா காரின் இரும்பு உடலைத் தன் மறுபாதியாக வைத்து வேலை செய்வது. மரப் படகிலும் ஃபைபர் படகிலும் அந்தப் பாதி இல்லை, அதனால்தான் கரையை விட்டதும் ரேடியோ இரைகிறது. அந்த மறுபாதி தேவைப்படாத மெரைன் ஆன்டெனா வாங்குங்கள். அல்லது எஃப்.எம். மட்டும் போதும் என்றால் நீங்களே இருமுனை ஆன்டெனா செய்யலாம். பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசை வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ 90.4-ஆல் வகுத்தால் அலைநீளம் 3.32 மீட்டர், கால் பங்கு 83 செ.மீ. கம்பியில் அது சற்றுக் குறைய வேண்டும் என்பதால் 79 செ.மீ. நீளத்தில் இரண்டு கம்பிகள், ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி, பிளாஸ்டிக் குழாய்க்குள். நடுவில் ஒன்றில் கேபிளின் நடுக்கம்பி, மற்றதில் கேபிளின் கம்பிப் பின்னல். சேருமிடத்தை எபாக்சியால் மூடுங்கள்.

எஃப்.எம். நேர்கோட்டில் போகும் அலை. கொடிமரத்தில் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் எடுக்கும். சமூக வானொலியின் சக்தி குறைவு, ஆழ்கடலில் அதை எதிர்பார்க்க வேண்டாம். வானிலை எச்சரிக்கைக்கு இந்த ரேடியோவை மட்டும் நம்பிப் போகவும் வேண்டாம், வி.எச்.எஃப். எப்போதும் திறந்திருக்க வேண்டும். எஃப்.எம். ஆன்டெனா வி.எச்.எஃப். ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்கட்டும்.

கரையிலேயே சோதனை

நெகட்டிவை மாட்டுமுன், ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியிலும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் ஸ்பீக்கர் பாசிட்டிவில் படும்போது கூம்பு வெளியே வர வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தாளமே கேட்காது. இதைச் செட்டிலிருந்து வயரைக் கழற்றிய நிலையில் செய்யுங்கள்.

அடுத்தது வி.எச்.எஃப். சோதனை. படகில் இதை யாரும் செய்வதில்லை, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது இதுதான். செட்டையும் கன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாத சேனலில் ஸ்குவெல்ச்சை (வயர்லெஸின் இரைச்சலை அடக்கும் குமிழை) இரைச்சல் அடங்கும் எல்லை வரை மட்டும் திருப்புங்கள். இப்போது பாட்டு செட்டைப் போட்டு ஒலியைக் கூட்டுங்கள். வயர்லெஸில் இரைச்சல் திறந்துகொண்டால், உங்கள் ஆடியோ கருவி வயர்லெஸின் காதை அடைக்கிறது. 16-வது சேனலில் தூரத்திலிருந்து வரும் ஆபத்து அழைப்பு உங்களுக்குக் கேட்காது. கன்வெர்ட்டரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒவ்வொன்றாக அணைத்து எது காரணம் என்று பிடியுங்கள். அதன் மின் வயர்களில் ஃபெரைட் வளையம் மாட்டி, நாலைந்து சுற்று சுற்றிப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் கருவியை நகர்த்துங்கள். அதிலும் அடங்காத கருவியைப் படகில் வைக்கக் கூடாது.

என்ஜினை ஓட்டி, எல்லா விளக்கையும் போட்டு, ஒலியைக் கூட்டிய நிலையில் செட்டின் பின்னால் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரி முனையில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. சூடாக இருக்கும் இணைப்பைக் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம்.

பராமரிப்பு

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஸ்பீக்கர் முகத்தையும் செட்டையும் துடையுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் முகப்பைக் கீறும். டீசலோ பெட்ரோலோ தொட்ட துணி ரப்பர் வளையத்தில் படக் கூடாது. பிரஷர் பம்பில் படகைக் கழுவும்போது ஸ்பீக்கர் பக்கம் பீய்ச்சாதீர்கள், ஐ.பி. 67 கூட அதற்கு ஆனதில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் இந்த வேலைகளுக்கு ஏற்ற நேரம். மெயின் சுவிட்சை அணையுங்கள், ஃபியூஸ்களைக் கழற்றிப் பச்சை பிடித்திருந்தால் மாற்றுங்கள், லக்குகளை அவிழ்த்துச் சுத்தம் செய்து டைஎலெக்ட்ரிக் கிரீஸ் பூசி மறுபடி இறுக்குங்கள், ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் கழற்றி விளிம்பு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று ஈரமாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

தடைக்காலத்தில் படகில் வெல்டிங் நடக்கும். வெல்டர் வருமுன் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றி, செட்டின் பின் சாக்கெட்டையும் ஆன்டெனாவையும் பிடுங்கிவிடுங்கள். வி.எச்.எஃப்., எக்கோ (ஆழமும் மீனும் காட்டும் கருவி), ஜி.பி.எஸ். எல்லாவற்றுக்கும் இதே விதி. வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே போடச் சொல்லுங்கள், வீல்ஹவுஸ் தகட்டில் போட விடாதீர்கள்.